பசியும் பிரம்பும்: ‘பீனோ’, ‘டேண்டி’ இதழ்களின் சிரிப்பு

பிரிட்டனில் உணவுப் பங்கீடு 1940 ஜனவரியில் தொடங்கி 1954 ஜூலையில் முடிந்தது. பதினான்கு ஆண்டுகள். வெண்ணெய், சர்க்கரை, இறைச்சி எல்லாம் ரேஷன் புத்தகத்தைக் காட்டி அளந்து வாங்க வேண்டியவை. மிட்டாயும் 1942இல் பங்கீட்டுக்குள் வந்தது. 1949 ஏப்ரலில் மிட்டாய்க்கு மட்டும் கட்டுப்பாட்டை விலக்கிப் பார்த்தார்கள். கடைகள் காலியாகிவிட்டதால் நான்கே மாதத்தில் பழையபடி பங்கீடு திரும்பியது. 1953 பிப்ரவரியில்தான் மிட்டாய்க்கு உண்மையான விடுதலை கிடைத்தது. போர் தொடங்கிய நாள்களில் பிறந்த ஒரு குழந்தை, கையிலிருக்கும் காசுக்கெல்லாம் மிட்டாய் வாங்கலாம் என்ற உலகத்தை நிலையாகக் கண்டபோது அதற்குப் பதின்மூன்று வயது.

இதே ஆண்டுகளில் அந்தக் குழந்தை வாரந்தோறும் படித்த சித்திர இதழ்களில் விருந்துக்குக் குறைவே இல்லை. குறும்பு பலித்தாலும், திருடனைப் பிடித்துக் கொடுத்தாலும், பணக்காரர் ஒருவருக்குத் தற்செயலாக நன்மை செய்துவிட்டாலும் கடைசிக் கட்டத்தில் பரிசு ஒன்றுதான். மசித்த உருளைக்கிழங்கு மலைபோல் குவிந்திருக்கும். அதில் நாலா பக்கமும் சாஸேஜுகள் குத்திட்டு நிற்கும். இன்னொரு தொடரில் மாவுக்கூட்டுக்குள் ஒரு முழு மாட்டை வைத்துச் சுட்டிருப்பார்கள். கொம்பும் வாலும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். பணமோ பதக்கமோ பரிசாக வருவது அபூர்வம். சோறுதான் பரிசு.

அந்த இதழ்கள் ‘தி டேண்டி’, ‘தி பீனோ’. பிரிட்டிஷ் குழந்தைகளின் நகைச்சுவை என்று இன்று நாம் அறிவதில் பெரும்பகுதி இவற்றில் உருவானது. குழந்தைகள் வெளியே சொல்லிக்கொள்ள முடியாத இரண்டு அனுபவங்களை இவை சிரிப்பின் மூலப்பொருளாக எடுத்துக்கொண்டன. ஒன்று பசி. மற்றது, பெரியவர்கள் கையால் வாங்கும் அடி. வயிறும் முதுகும் எந்தக் குழந்தைக்கும் தெரிந்த இடங்கள். இந்த இதழ்களின் நீண்ட ஆயுளுக்கும், பின்னால் அவை பட்ட சங்கடங்களுக்கும் காரணம் இங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

தமிழ் வாசகர்களுக்குப் பிரிட்டிஷ் காமிக்ஸ் என்றதும் இரும்புக்கை மாயாவி நினைவுக்கு வருவார். சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் 1972இல் அவரைத் தமிழுக்குக் கொண்டுவந்தது. அவர் பிறந்தது லண்டனின் ‘வேலியண்ட்’ இதழில். அந்தச் சாகசக் கதைகள் லண்டன் நிறுவனங்களின் தயாரிப்பு. ‘பீனோ’வும் ‘டேண்டி’யும் வேறொரு மண்ணிலிருந்து வந்தவை. ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரையில், டே ஆற்றின் முகத்துவாரத்தில் இருக்கும் டன்டீ நகரம் அது.

டன்டீக்கும் இந்தியாவுக்கும் தொடர்பு உண்டு. வங்காளத்தில் விளைந்த சணல் கப்பலேறி அங்கேதான் போனது. திமிங்கில வேட்டைத் துறைமுகமாக இருந்த அந்த ஊரில் திமிங்கில எண்ணெய் தாராளமாகக் கிடைத்தது. முரட்டுச் சணல் நாரை அந்த எண்ணெயில் பதப்படுத்தினால் இயந்திரத்தில் நூற்க முடிந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் உலகத்தின் சாக்குப் பைகளை டன்டீ நெய்தது. பிறகு ஹூக்ளிக் கரையில் ஆலைகள் எழுந்தன. கல்கத்தா முந்திக்கொண்டது, டன்டீ மெலிந்தது. ஆலைகளில் பெண்களுக்கும் சிறுவர்களுக்கும்தான் அதிகம் வேலை, ஏனென்றால் அவர்களுக்குக் கொடுக்கும் கூலி குறைவு. ஆண்கள் பலர் வேலையின்றி வீட்டில் இருந்தார்கள். அம்மா ஆலைக்குப் போய்விட, பிள்ளைகள் தெருவில் வளர்ந்த ஊர் அது. சணல், பழ ஜாம், பத்திரிகை என்று மூன்று தொழில்களைச் சொல்லி டன்டீயை அடையாளம் காட்டுவார்கள். மூன்றாவது தொழிலின் பெயர் டி.சி.தாம்சன் நிறுவனம்.

1905இல் தொடங்கிய இந்தக் குடும்ப நிறுவனம் பழமைப் பிடிப்புக்குப் பேர்போனது. 1926 பொது வேலைநிறுத்தத்துக்குப் பிறகு தொழிற்சங்கத்தில் சேர்ந்தவர்களை அது வேலைக்கு வைத்துக்கொள்ளவில்லை. அதன் நாளிதழான ‘கூரியர்’ 1992 வரை முதல் பக்கத்தில் செய்தி போடாமல் விளம்பரம் மட்டுமே போட்டது. இப்படிப்பட்ட இடத்திலிருந்துதான் பிரிட்டனின் மிகப் பெரிய கட்டுப்பாடற்ற சிறுவர் கூட்டம் கிளம்பியது. இந்த முரணைப் பிடித்துக்கொள்ளாமல் அந்த இதழ்களைப் புரிந்துகொள்ள முடியாது.

1920களிலும் 30களிலும் தாம்சன் நிறுவனம் சிறுவர்களுக்கான கதைத்தாள்களில் கொடிகட்டிப் பறந்தது. ‘அட்வென்ச்சர்’, ‘ரோவர்’, ‘விஸார்ட்’, ‘ஸ்கிப்பர்’, ‘ஹாட்ஸ்பர்’ என்று ஐந்து. அந்தப் பிரிவை நடத்திய ஆர்.டி.லோ அடுத்ததாகச் சிரிப்புச் சித்திரங்களுக்குத் திரும்பினார். 1936 மார்ச்சில் ‘சண்டே போஸ்ட்’ ஞாயிறு இதழில் ‘ஊர் வுல்லி’, ‘தி ப்ரூன்ஸ்’ என்ற இரண்டு ஸ்காட்டிஷ் தொடர்கள் வந்து வெற்றி பெற்றன. 1937 டிசம்பர் 4 தேதியிட்டு ‘டேண்டி’ வந்தது. 1938 ஜூலை 30 தேதியிட்டு ‘பீனோ’. விலை இரண்டு பென்ஸ். முதல் ‘டேண்டி’யோடு ஒரு விசில், முதல் ‘பீனோ’வோடு ஒரு முகமூடி இலவசம். முதல் ‘பீனோ’ 4 லட்சத்து 40 ஆயிரத்துக்கும் மேல் விற்றது.

பிரிட்டனில் குழந்தைகள் காமிக்ஸ் 1890களிலேயே இருந்தது. ஆனால் அவற்றில் ஒவ்வொரு படத்துக்கும் கீழே ஒரு பத்தி அச்சிட்டிருப்பார்கள். படத்தில் நடப்பதையே வார்த்தையில் திரும்பச் சொல்லும் பத்தி. பிள்ளைகள் படம் பார்த்தே காலம் கழிக்காமல் கொஞ்சம் வாசிக்கவும் வேண்டும் என்ற பெற்றோர் கவலைக்குச் சமாதானம் அது. ‘டேண்டி’யும் ‘பீனோ’வும் தங்கள் சிரிப்புத் தொடர்களில் அந்தப் பத்தியைப் பெரும்பாலும் நீக்கின. பாத்திரங்கள் பேசுவது பலூனுக்குள் வந்தது; மற்றதைப் படம் சொன்னது. இதைத் தொழில்நுட்ப மாற்றம் என்று மட்டும் வரலாற்றில் குறித்துவிட்டுப் போகிறார்கள். எனக்கு அது பெரிய மாற்றமாகத் தெரிகிறது. படத்துக்குக் கீழே நின்று விளக்கிக்கொண்டிருந்த குரல் ஒரு பெரியவருடைய குரல். அது போனபின் பக்கத்தில் குழந்தையும் குறும்பும் மட்டும் மிஞ்சின. என்ன நடந்தது, யார் செய்தது சரி என்று சொல்ல ஆள் இல்லை.

பின்னே போர் வந்தது. காகிதத் தட்டுப்பாட்டால் பல இதழ்கள் நின்றுபோயின. தாம்சன் நிறுவனமே 1939இல் தொடங்கிய ‘மேஜிக்’ என்ற மூன்றாவது சிரிப்பிதழை 1941இல் நிறுத்தியது. ‘டேண்டி’யும் ‘பீனோ’வும் பக்கங்களைக் குறைத்துக்கொண்டு வாரம் மாற்றி வாரம் வந்தன, 1949 வரை இதே ஏற்பாடு. பழைய காகிதத்தைச் சேர்த்துக் கொடுங்கள் என்று இதழ்களே பிள்ளைகளைக் கேட்டுக்கொண்டன, பிள்ளைகளும் கொடுத்தார்கள். முதல் இதழ்களின் பிரதிகள் இன்று விரல்விட்டு எண்ணும் அளவுக்கே மிஞ்சியிருப்பதற்கும், ஏலத்தில் அவை ஆயிரக்கணக்கான பவுண்டுக்குப் போவதற்கும் அது ஒரு காரணம். ‘டேண்டி’யில் ஹிட்லரையும் கோரிங்கையும் கோமாளிகளாக்கி ஒரு தொடர் ஓடியது. ‘பீனோ’வில் முசோலினிக்கு ஒரு தொடர்.

அந்த முசோலினித் தொடரின் தலைப்பிலேயே இத்தாலியரை இழிவுபடுத்தும் ஒரு சொல் இருந்தது. ஸ்காட்லாந்தின் நகரங்களில் ஐஸ்கிரீம் கடையும் மீன் வறுவல் கடையும் வைத்துப் பிழைத்த இத்தாலியக் குடும்பங்கள் நிறைய. 1940 ஜூனில் இத்தாலி போரில் இறங்கிய அன்று இரவே அவர்களின் கடைகளை அடித்து நொறுக்கினார்கள். ஆண்களைப் பிடித்துக்கொண்டுபோய் முகாமில் அடைத்தார்கள். அந்தக் குடும்பங்களின் பிள்ளைகளும் ‘பீனோ’ படித்திருப்பார்கள். முதல் ‘பீனோ’வின் தலைப்புப் பட்டையில் தர்பூசணி தின்னும் கறுப்பினச் சிறுவன் ஒருவனின் கேலிச்சித்திரம் இருந்தது, அது பல ஆண்டுகள் நீடித்தது. 1953இல் வந்த ‘லிட்டில் ப்ளம்’ அமெரிக்கப் பழங்குடிச் சிறுவன் ஒருவனை இறகு, கோடரி, திக்கித் திணறும் ஆங்கிலம் என்ற வழக்கமான சாயங்களில் வரைந்தது. அதிகாரத்தில் இருப்பவனைப் பார்த்துச் சிரிக்கும்போது உயர்ந்த அந்தச் சிரிப்பு, தன்னைவிடப் பலவீனமானவர் பக்கம் திரும்பும்போது சிறுத்துப்போனது. அந்தக் காலம் அப்படி என்று சொல்லித் தாண்டிப் போக எனக்கு மனமில்லை. அதே காலத்தில், அதே பக்கங்களில், மேல்நோக்கிச் சிரிக்கவும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

மேல்நோக்கிச் சிரித்தவர்களில் முதலில் சொல்ல வேண்டியவர் டட்லி டி. வாட்கின்ஸ். 1907இல் மான்செஸ்டரில் பிறந்து, நாட்டிங்காமில் வளர்ந்து, 1925இல் டன்டீக்கு வேலைக்கு வந்தவர். ‘ஊர் வுல்லி’, ‘தி ப்ரூன்ஸ்’, ‘டேண்டி’யின் டெஸ்பரேட் டான், ‘பீனோ’வின் லார்டு ஸ்னூட்டி, பிறகு அட்டையை அலங்கரித்த பிஃபோ கரடி எல்லாம் ஒரே கையிலிருந்து வந்தவை. ஆழ்ந்த கிறிஸ்தவ விசுவாசி. மிஷன் வெளியீடுகளுக்கும் வரைந்தார். 1969 ஆகஸ்டில் தம் வீட்டில், வரைபலகையின் முன்னேயே இறந்துகிடந்தார். ‘சண்டே போஸ்ட்’ தொடர்களுக்கு அவருக்கு நிகரான ஆள் கிடைக்காமல் அவருடைய பழைய பக்கங்களையே பல ஆண்டுகள் திரும்ப அச்சிட்டார்கள்.

வாட்கின்ஸின் கோடு சுத்தமானது. பொருள்களின் எடை, துணியின் மடிப்பு, செங்கல் சுவரின் வரிசை எல்லாம் சரியாக விழுந்திருக்கும். அவ்வளவு கவனமாக வரைந்த உலகத்துக்குள் நடக்கவே நடக்காத ஒன்றை நடக்கவிடுவார். டெஸ்பரேட் டான் உலகத்திலேயே பலசாலியான கௌபாய். தாடி முள்ளை நீக்க அவனுக்குக் கத்தி போதாது, தீ உமிழும் குழாய் வேண்டும். கட்டட இடிபாடு அடைத்த தலையணையில் படுப்பான். மேலே சொன்ன கொம்பு நீட்டிய மாட்டுப் பண்டம் அவனுடைய சாப்பாடுதான். ‘ஆகி’ என்ற அவன் சித்தி சுட்டுக்கொடுப்பாள். அவன் வாழும் காக்டஸ்வில் அமெரிக்க மேற்கில் இருப்பதாகப் பெயர். ஆனால் தெருவில் நிற்பது பிரிட்டிஷ் விளக்குக் கம்பம், மூலையில் பிரிட்டிஷ் தபால் பெட்டி. ஹாலிவுட் படத்தின் பாலைவனத்தையும் தன் தெருவையும் ஒன்றாகக் கலந்து விளையாடும் ஒரு சிறுவனின் தலைக்குள் இருக்கும் நிலப்படம் அது. டானின் பெரிய தாடை, ‘டேண்டி’யை 1937 முதல் 1982 வரை நாற்பத்தைந்து ஆண்டுகள் நடத்திய ஆசிரியர் ஆல்பர்ட் பார்ன்ஸின் தாடையைப் பார்த்து வந்தது என்று சொல்வார்கள்.

முதல் இதழ்களில் டான் போக்கிரி. பிறகு நல்லவனாக்கப்பட்டான். ஆனாலும் அவன் பலம் யாருக்கும் அடங்கவில்லை. கதவைத் தட்டினால் கதவு போய்விடும், தும்மினால் வீதி போய்விடும். அவன் உடம்பில் வளர்ந்த, உள்ளே குழந்தையாகவே இருக்கும் ஆள். ரேஷன் காலத்துப் பிள்ளைக்கு, ஒரு மாட்டை ஒரே வேளையில் தின்பவன் கனவின் உச்சம். பங்கீடு முடிந்து பல பத்தாண்டுகளுக்குப் பிறகும் அந்தப் பண்டம் கதைகளில் நீடித்தது. பசி போனபின்னும் பசியின் சிரிப்பு மரபாகத் தங்கிவிட்டது.

லார்டு ஸ்னூட்டி இன்னும் நுட்பமானவன். பங்கர்ட்டன் கோட்டையில் வாழும் சின்னப் பிரபு. உயர்ந்த தொப்பியும் கோட்டும் போட்டிருப்பான். யாருக்கும் தெரியாமல் வெளியே நழுவிப்போய், குப்பைத்தொட்டிச் சந்தின் ஏழைப் பிள்ளைகளோடு ஆடுவான். 1930களின் பிரிட்டனில், ஆலை மூடிய ஊரில் அச்சான கதை இது. ஏழைப் பிள்ளைகள் யாரும் கோட்டையை இடிக்க நினைக்கவில்லை. பிரபுதான் சந்துக்கு வருகிறான், அங்கே நிஜமான மகிழ்ச்சியைக் கண்டுகொள்கிறான். தாம்சன் நிறுவனத்தின் அரசியலுக்கு இதைவிடப் பொருத்தமான கதை இருக்க முடியாது. வர்க்கம் அப்படியே இருக்கும். பாசம் அதைத் தாண்டும்.

ஜார்ஜ் ஆர்வெல் 1940இல் ‘ஹொரைசன்’ இதழில் சிறுவர் வாரத்தாள்களைப் பற்றி ஒரு புகழ்பெற்ற கட்டுரை எழுதினார். தாம்சனின் கதைத்தாள்களும் அதில் அலசப்படுகின்றன. பெரிய முதலாளிகளின் கையில் இருக்கும் இந்தத் தாள்கள், சமூகம் இருக்கிறபடியே இருப்பது நியாயம் என்ற எண்ணத்தைப் பிள்ளைகள் மனதில் ஊன்றுகின்றன என்பது அவர் வாதம். கதைத்தாள்களைப் பொறுத்தவரை அவர் சொன்னது பெரும்பாலும் சரி. சிரிப்புச் சித்திரத்துக்கு அதை அப்படியே பொருத்த முடியாது. கதையில் ஆசிரியர் எதைச் சொல்ல நினைக்கிறாரோ அது வாக்கியத்தில் இறங்கிவிடும். சித்திரத்தில் கை தன் போக்கில் சிலதைச் செய்யும். நிறுவனம் வேண்டிய முடிவைக் கடைசிக் கட்டத்தில் வைத்துவிட்டு, மற்ற கட்டங்களில் ஓவியர் வேறொன்றைக் கொண்டாட முடியும். 1951க்குப் பின் ‘பீனோ’வில் நடந்தது அதுதான்.

அதற்கு முன்னாலேயே ‘பீனோ’ உச்சத்தில் இருந்தது. 1950 ஏப்ரலில் வாரம் ஏறத்தாழ 20 லட்சம் பிரதிகள் விற்றன. கைமாறிப் படித்தவர்களைச் சேர்த்தால் அந்நாட்டில் அதைப் பார்க்காத குழந்தை குறைவு என்றே சொல்லலாம். அந்த நிலையில் புதுமையைத் தேடாமல் இருந்திருக்கலாம். ஆசிரியர் ஜார்ஜ் மூனி தேடினார். 1951 மார்ச் 17 தேதியிட்ட இதழில் டெனிஸ் தி மெனஸ் வந்தான். வரைந்தவர் டேவிட் லா. முள்ளம்பன்றித் தலை, முட்டிக்கால், முகத்தில் நிரந்தரக் கடுகடுப்பு. சிவப்பு கறுப்புப் பட்டை ஸ்வெட்டர் பிறகு வந்து சேர்ந்தது. அதே வாரத்தில் அமெரிக்காவில் ஹாங்க் கெச்சமின் வேறொரு டெனிஸ், அதே பெயரோடு நாளிதழ்களில் தொடங்கியது தற்செயல். இரண்டு பேரையும் அருகருகே வைத்துப் பார்த்தால் வித்தியாசம் புரியும். அமெரிக்க டெனிஸ் வெகுளி. நல்லது செய்யப் போய்த் தொல்லையில் முடிப்பான். டன்டீ டெனிஸ் தெரிந்தே செய்வான். தொல்லை கொடுப்பதுதான் அவனுக்கு வேலை, அதில் அவனுக்கு வருத்தமும் கிடையாது.

லாவின் கோட்டில் வாட்கின்ஸின் அமைதி இல்லை. அவசரமான, கீறலான பேனா. டெனிஸின் உடம்பு எப்போதும் ஓட்டத்தில் சாய்ந்திருக்கும். சட்டத்துக்குள் நிற்க மறுக்கும் சிறுவனுக்கு அந்தக் கோடுதான் சரி. அந்தப் பக்கங்களைப் பார்த்து விழித்தெழுந்தவர்களில் ஒருவர் லங்காஷயரைச் சேர்ந்த லியோ பாக்ஸன்டேல், 1930இல் பிறந்தவர். உள்ளூர்ச் செய்தித்தாளில் வரைந்துகொண்டிருந்த அவர், டெனிஸைக் கண்டபின் ‘பீனோ’வுக்கு எழுதிப் போட்டார். 1953 இறுதியில் அவருடைய ‘லிட்டில் ப்ளம்’, ‘மின்னி தி மிங்க்ஸ்’ இரண்டும் அடுத்தடுத்து வந்தன. அதே ஆண்டு ஏப்ரலில் மான்செஸ்டரின் கென் ரீட், சாக்குப்போக்குகளின் மன்னனான ‘ரோஜர் தி டாட்ஜர்’ஐத் தொடங்கியிருந்தார். இரண்டு ஆண்டுகளுக்குள் இதழின் மூச்சே மாறிவிட்டது.

மின்னியைப் பற்றி ஒரு சொல். பையன்களை அடித்து வீழ்த்தும் பெண் அவள். பெண் பிள்ளைகளுக்கென்று வந்த தாள்கள் அனாதைப் பள்ளி, குதிரை, பாலே நடனம் என்று இருந்த காலம். டெனிஸின் பெண் வடிவமாக அவளைக் கேட்டு வாங்கினார்கள். வந்தவள் தனக்கென்று ஒரு வேகத்தோடு வந்தாள். அவள் சண்டை போடும் படங்களில் கையும் காலும் தூசியும் ஒரே சுழலாக எழும். அந்தச் சுழலின் நடுவே அவள் முகம் மட்டும் பூரித்திருக்கும்.

பாக்ஸன்டேலின் பெரும் சாதனை 1954 பிப்ரவரியில் தொடங்கியது. முதலில் அதன் பெயர் ‘மணி அடிக்கும்போது’. 1956இல் ‘பாஷ் ஸ்ட்ரீட் கிட்ஸ்’ ஆனது. ஆரம்பத்தில் ஒரு பெரிய படம்தான் அதன் மையம். பள்ளிக்கூட மணி அடிக்கிறது. வாசலிலிருந்து பிள்ளைகள் வெள்ளமாகக் கொட்டுகிறார்கள். ஒரு மூலையில் ஒருவன் சுவரேறுகிறான், இன்னொருவன் போலீஸ்காரரின் தொப்பியைத் தட்டிவிடுகிறான், வேறெங்கோ ஒரு நாய் எதையோ கவ்விக்கொண்டு ஓடுகிறது. கண்ணுக்கு ஒரு பாதையும் போட்டுக் கொடுக்கப்படவில்லை. குழந்தை பக்கத்துக்குள் இறங்கித் தானே தேட வேண்டும். ஒரு முறை பார்த்து முடியாது. சின்னச் சின்ன அறிவிப்புப் பலகைகளில் ஒரு சிரிப்பு, ஜன்னலில் எட்டிப் பார்க்கும் முகத்தில் ஒரு சிரிப்பு. வாரத்துக்கு ஒன்று வரும் இரண்டு பென்ஸ் இதழை ஏழு நாளும் வைத்துப் பார்க்க அந்த ஒரு பக்கம் போதும். ஏழை வீட்டுப் பிள்ளைக்கு அது எவ்வளவு பெரிய கொடை என்பதை அந்த ஓவியர் உணர்ந்து வரைந்திருக்கிறார் என்று அந்தப் படங்களைப் பார்க்கும்போதெல்லாம் தோன்றும்.

பிறகு கதை வகுப்பறைக்குள் போனது. டேனி, ஸ்மிஃபி, ப்ளக், எர்பர்ட், வில்ஃப்ரிட், இரட்டையர் டூட்ஸும் சிட்னியும், இன்னும் இருவர். எதிரே கறுப்பு அங்கியும் தட்டைத் தொப்பியுமாக ஓர் ஆசிரியர். அவருக்குப் பெயரே இல்லை, ஆசிரியர் என்பதுதான் பெயர். அவரும் பிள்ளைகளைப் போலவே அகப்பட்டுக்கொண்டவர். தலைமையாசிரியருக்குப் பயப்படுவார், தப்பித்துப் போக முடியாமல் தவிப்பார். கையில் பிரம்பு.

பிரம்புக்கு வருவோம். டெனிஸின் கதை பெரும்பாலும் அப்பாவின் மடியில் குப்புறப் படுத்து, வீட்டுக்குள் போடும் மெத்துச் செருப்பால் அடி வாங்குவதில் முடியும். மின்னிக்கும் அதுவே. பாஷ் ஸ்ட்ரீட்டில் பிரம்பு. ஸ்காட்லாந்துப் பள்ளிகளில் உண்மையில் பிரம்பு கிடையாது. நுனி கிழித்த தடித்த தோல்வாரால் உள்ளங்கையில் அடிப்பார்கள். ஃபைஃப் பகுதியின் லாக்கெல்லி ஊரில் அவற்றைச் செய்து விற்றார்கள். டன்டீ இதழ்களின் துணையாசிரியர்கள் பலரும் சிறுவயதில் அந்தத் தோல்வாரை வாங்கியவர்களாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் இதழ் பிரிட்டன் முழுக்கப் போனது. எல்லோருக்கும் தெரிந்த சின்னம் பிரம்பு.

கடைசிக் கட்டத்தில் அடி விழுவதை நிறுவனம் விரும்பியது. தப்பு செய்தால் தண்டனை உண்டு என்று பெற்றோருக்குக் காட்ட அது வேண்டியிருந்தது. அமெரிக்கத் திகில் காமிக்ஸுக்கு எதிராகப் பெரும் கூச்சல் எழுந்து, 1955இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் தடைச்சட்டமே போட்ட காலம் அது. டன்டீ இதழ்கள் மேல் அந்தக் கை விழவில்லை. கடைசிக் கட்டத்து அடி அவற்றுக்கு ஒருவகையில் சுங்கவரி. அந்த ஒரு கட்டத்தைக் கட்டிவிட்டால் மற்றக் கட்டங்கள் முழுவதும் குழந்தைக்குச் சொந்தம். படிக்கும் பிள்ளைக்கும் இந்தக் கணக்கு தெரியும். அடி வாங்கிய டெனிஸ் திருந்தவில்லை என்பது அடுத்த வாரம் முதல் கட்டத்திலேயே தெரிந்துவிடும். தண்டனை பயன் தராது என்பதை இத்தனை ஆண்டுகள், இத்தனை லட்சம் வீடுகளுக்குள் கொண்டுபோய்ச் சேர்த்த வேறு பிரசுரம் பிரிட்டனில் இருந்திருக்குமா என்பது சந்தேகம்.

இன்னொரு பக்கமும் உண்டு. அடியைத் திரும்பத் திரும்பச் சிரிப்பாக்கும்போது அடி சாதாரணமாகிறது. வீட்டில் நிஜமாகவே அடி வாங்கி அழுத குழந்தைக்கு டெனிஸ் ஆறுதலாக இருந்திருக்கலாம். அதே பக்கத்தைப் படித்த தகப்பனுக்கு அது அனுமதியாகவும் இருந்திருக்கலாம். இரண்டும் ஒரே சமயத்தில் உண்மை என்றுதான் நினைக்கிறேன். பிரிட்டனின் அரசுப் பள்ளிகளில் உடல் தண்டனை 1987இல் சட்டப்படி ஒழிந்தது. ‘பீனோ’விலும் அந்தப் பத்தாண்டில் பிரம்பும் செருப்பும் பக்கங்களைவிட்டு மெல்ல வெளியேறின. கூடவே டெனிஸின் மற்றொரு வழக்கமும் கேள்விக்கு வந்தது. பூ, கரடிபொம்மை, புத்தகம் இவற்றை விரும்பும் வால்ட்டர் என்ற மென்மையான பையனை அவன் வாரந்தோறும் துரத்திக்கொண்டிருந்தான். அப்பாவுக்கும் போலீஸ்காரருக்கும் எதிராகக் கிளம்பிய கை, தன்னைவிட மெலிந்த ஒரு பிள்ளையின் சட்டையைப் பிடித்தால் அதற்குப் பெயர் கலகமல்ல. பின்னாளைய ஆசிரியர்கள் வால்ட்டரைத் தன் காலில் நிற்கும் எதிரியாக மாற்றி எழுதியது நியாயமான திருத்தம். 2021இல் பாஷ் ஸ்ட்ரீட்டின் பருத்த பையனுக்கு அதுவரை இருந்த கேலிப்பெயரை நீக்கி, ஃப்ரெடி என்று மாற்றியதும் அப்படியே.

இவ்வளவையும் வரைந்தவர்கள் யார் என்று அன்றைய வாசகருக்குத் தெரியாது. தாம்சன் இதழ்களில் ஓவியர் பெயர் போடுவதில்லை. வாட்கின்ஸ் ஒருவருக்கு 1946இலிருந்து கையெழுத்திட விதிவிலக்கு அளித்தார்கள். மற்றவர்கள் வாரந்தோறும் தபாலில் அனுப்பும் பக்கங்களுக்குக் கூலி பெற்றார்கள். மூல ஓவியமும் உரிமையும் நிறுவனத்துக்கு. மறுபதிப்புக்கோ, ஆண்டுமலருக்கோ, பொம்மைக்கோ, அவர்கள் உருவாக்கிய பாத்திரத்தை வேறொருவர் வரைவதற்கோ எதுவும் கிடையாது. தொழிற்சங்கத்தை உள்ளே விடாத நிறுவனத்தில், வீட்டிலிருந்து தனியே வரையும் ஓவியருக்குப் பேரம் பேச வழி ஏது?

பாக்ஸன்டேல் வாரம் மூன்று நான்கு தொடர்களை, அதுவும் அந்த நெரிசலான படங்களை, ஒன்பது ஆண்டுகள் வரைந்து களைத்துப்போய் 1962இல் விலகினார். ‘பாஷ் ஸ்ட்ரீட்’ டேவிட் சதர்லாந்துக்குப் போனது. பாக்ஸன்டேல் லண்டன் நிறுவனம் ஒன்றுக்காக 1964இல் ‘வாம்!’ இதழை உருவாக்கினார். கென் ரீடும் அங்கே வந்து சேர்ந்தார். இடையே பாக்ஸன்டேல் வியட்நாம் போரை எதிர்த்து ஒரு வாரச் செய்திமடலையும் நடத்தினார். லார்டு ஸ்னூட்டியின் நிறுவனத்தில் மின்னியை வரைந்த மனிதரின் அரசியல் அது.

1980இல் அவர் தாம் படைத்த பாத்திரங்களின் உரிமை கோரி தாம்சன் நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுத்தார். ஏழு ஆண்டுகள் இழுத்தது. 1987இல் நீதிமன்றத்துக்கு வெளியே சமரசம் ஆனது. கிடைத்த பணத்தில் தமக்கென்று ஒரு பதிப்பகம் வைத்துக்கொண்டார். பிறகு ‘கார்டியன்’ நாளிதழில் பேபி பேசில் என்ற குழந்தையை வரைந்தார். அவருக்கு அது மரியாதையான முடிவு. ஆனால் சமரசத்தில் முடிந்ததால் தீர்ப்பு எதுவும் எழுதப்படவில்லை. தாம் உருவாக்கிய பாத்திரத்துக்குத் தமக்கும் உரிமை உண்டு என்று கேட்க நினைத்த மற்ற ஓவியர்கள் கையில் எடுத்துக் காட்ட ஒரு முன்னுதாரணம் கிடைக்காமல் போயிற்று. கென் ரீட் அதே 1987இல் இறந்தார். டேவிட் லா 1971இலேயே போய்விட்டார்.

‘டேண்டி’யின் விற்பனை வாரம் 8,000 அளவுக்கு இறங்கியபின், 2012 டிசம்பர் 4ஆம் தேதி, சரியாக எழுபத்தைந்தாவது பிறந்தநாளில் அச்சு நின்றது. ‘பீனோ’ இன்றும் வாரந்தோறும் வருகிறது. 2019இல் 4,000ஆவது இதழைத் தொட்டது. டன்டீயின் ஹை ஸ்ட்ரீட்டில் டெஸ்பரேட் டானுக்கு 2001இல் வெண்கலச் சிலை வைத்தார்கள். அவன் முதுகுக்குப் பின்னால் மின்னி கவண் பிடித்துக் குறிபார்க்கிறாள். பாக்ஸன்டேல் 2017இல் காலமானார். அவரிடமிருந்து பாஷ் ஸ்ட்ரீட்டை வாங்கிக்கொண்ட சதர்லாந்து அறுபது ஆண்டுகள் அந்த வகுப்பறையை விடாமல் வரைந்தார். 2023 புத்தாண்டு விருதுப் பட்டியலில் பிரிட்டிஷ் அரசு அவருக்கு ஓ.பி.இ. பட்டம் அறிவித்தது, மூன்று வாரத்துக்குள், எண்பத்தொன்பதாம் வயதில் அவர் இறந்துபோனார்.